நாடா வெட்டாத மதகு

கட்டிலிலிருந்து காலை இறக்கிய செந்தூரனுக்குத் தரைக்கு முன்னால் தண்ணீர் அகப்பட்டது.

கணுக்கால் வரை நின்றது. மார்கழித் தண்ணீர், விரல்களைக் கடித்தது. அவனுடைய சப்பாத்து ஒன்று அறைக்கதவை நோக்கி ஆறுதலாகப் போய்க்கொண்டிருந்தது. மற்றதைக் காணவில்லை. அது முன்னமே புறப்பட்டிருக்க வேண்டும்.

மானிப்பாய்க்கு அப்பால், இலுப்பங்கலட்டியில், அவன் அந்த வீட்டை வாங்கியது புரட்டாதி வெயிலில். அப்போது முற்றத்தில் புழுதி பறந்தது. விற்றவர் காற்றைப் பற்றியும் மாமரத்தைப் பற்றியும் நிறையச் சொன்னார். மழையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. முன்னால் போகும் வீதியைத் திருத்தித் திருத்தி உயர்த்தியதில் வீடு பள்ளத்துக்குள் போய்விட்டது என்பது மாரி பிடித்த பிறகுதான் தெரிந்தது.

குடிவந்த கிழமையே வீடு தன் குணங்களைக் காட்டத் தொடங்கியது. தீப்பெட்டி பற்றவில்லை. துவைத்த சாரம் காயவில்லை. காயாத சாரத்தில் பூஞ்சணம் பிடித்தது. மலசலகூடத்தில் ஒரு வாளி ஊற்றினால் ஒரு வாளி திரும்பி வந்தது. கிணற்றுக்குக் கயிறு தேவைப்படவில்லை. குனிந்து கையால் அள்ளலாம். குசினி அடுப்படியில் ஒரு தவளை குடியிருந்தது. இருட்டியதும் அது கத்தத் தொடங்கும். செந்தூரன் எரிச்சலோடும் கொஞ்சம் நன்றியோடும் கேட்டுக்கொண்டிருப்பான். அந்த வீட்டில் வேறு குரல் இல்லை.

போன் அடித்தது. சாருஜா.

அவனுடைய மனைவி. வவுனியாவில் ஆசிரியை. கல்யாணம் முடிந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைப் பாடசாலை விடுமுறைகள்தான் தீர்மானித்து வந்தன. தை மாதத்தில் அவளுக்கு யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம். அதற்காகத்தான் வீடு.

"இஞ்சருங்கோ, சனிக்கிழமை மத்தியானம் வீடு பாக்க வாறன். உண்மையைச் சொல்லுங்கோ. தண்ணி நிக்குதோ?"

"முத்தத்திலை கொஞ்சம்..." என்றான் செந்தூரன், கால்களைக் கட்டிலின் மேல் மடித்துக்கொண்டு.

"முகாமிலை கூடாரத்துக்குள்ளை வெள்ளம் வரேக்கை எனக்குப் பதினொரு வயசு. தம்பியைத் தோளிலை வைச்சுக்கொண்டு விடிய விடிய நிண்டனான். இனி என்ரை வீட்டுக்குள்ளை தண்ணியிலை கால் வைக்கமாட்டன். நிலம் காய்ஞ்சு கிடந்தா வாறன். இல்லையெண்டா பருத்தித்துறையிலை அக்கா வீட்டிலை இருந்து பள்ளிக்குடம் போறன். நீங்கள் லீவுக்கு அங்கை வாங்கோ."

"காயும், சாரு."

"இன்னொண்டு. அயலட்டையோடை கொழுவிப்போடாதையுங்கோ. அண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது பக்கத்துக் கூடாரத்துச் சனம்தான்."

"ஓம்."

நிலம் காயவேண்டும், அயல் நோகக்கூடாது. இவ்வளவுதானே என்று செந்தூரன் நினைத்தான்.

*

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் எங்கே போக மறுக்கிறது என்று துப்புத் துலக்கப் புறப்பட்டான்.

வெகுதூரம் போகவேண்டியிருக்கவில்லை. கேற்றுக்கு நேரே, வீதிக்கு அடியால், புத்தம் புதிய மதகு ஒன்று இருந்தது. ஐப்பசியில் கட்டி முடித்தது. வீதிக்கு மறுபக்கம் வாய்க்கால், அதன் முடிவில் குளம். வாய்க்காலில் ஓட்டம் இல்லை. இந்தப் பக்கம், மதகின் வாயில், இறுக்கமாக ஒரு பலகை. பலகைக்குக் குறுக்கே சிவப்பு நாடா. நாடா நனையாமல் இருக்க மேலே பொலித்தீன் சுற்றப்பட்டிருந்தது.

அந்த வட்டாரத்திலேயே நனையாமல் இருந்த ஒரே பொருள் அந்த நாடாதான்.

வீதியில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. மீன்கார யாகோப்பு. குருநகரிலிருந்து மீன்பெட்டியோடு காலையில் வருகிறவர். செந்தூரன் குடிவந்த பிறகு அவனோடு நின்று கதைத்த ஒரே மனிதர்.

"என்ன தம்பி, முத்தத்திலை வலை போடப்போறீரோ? போட்டால் என்ரை பிழைப்புக் கெட்டுப்போம்."

"அண்ணை, உதை ஏன் அடைச்சு வைச்சிருக்கினம்?"

"திறப்பு விழா நடக்கேல்லையாம்."

"ஆர் திறக்கிறது?"

"தண்ணி திறக்க ரெடியாத்தான் நிக்குது. அதுக்கு அழைப்பிதழ் குடுக்கேல்லை." யாகோப்பு சிரித்தார். "உங்கடை பேரவைத் தலைவரிட்டைப் போய்க் கேளும். போக முதல் சாப்பிட்டிட்டுப் போம். கதை நீளும்."

*

இலுப்பங்கலட்டி ஒன்றிணைந்த அபிவிருத்தி, கலாசார, வாய்க்கால் பராமரிப்புப் பேரவையின் தலைவர் நடராசா ஓய்வுபெற்ற பாடசாலைப் பிரதி அதிபர். அவருடைய வீடு உயரத்தில் இருந்தது. கூதலுக்குச் சால்வையும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு விறாந்தையில் அமர்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அவர் பொன்னாடை வாங்கும் படங்கள். பக்கத்து வாங்கில் அமர்ந்து செயலாளர் சுபாஸ் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"சேர், வீட்டுக்குள்ளை தண்ணி. அந்தப் பலகையை ஒருக்கா..."

"இரும்."

செந்தூரன் இருந்தான். நடராசா எழும்பி நின்றார். மைக் இல்லாததை அவர் பொருட்படுத்தவில்லை.

"தம்பி, தண்ணி எண்டது இயற்கை. மதகு எண்டது நிருவாகம். இயற்கை கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும். நான் பிரதி அதிபரா இருக்கேக்கை பொம்பிளைப் பிள்ளையளுக்குப் புது மலசலகூடம் கட்டினம். திறக்க வாற பிரமுகர் சுணங்கிப்போனார். ஒரு வருசம்! ஒரு பிள்ளை, ஒரு பிள்ளையெண்டாலும் உள்ளுக்குப் போனதோ? இல்லை. பின்வளவுப் பத்தைக்குள்ளை போயிட்டு வந்து, வரிசையிலை நிண்டு தேவாரம் பாடினதுகள். அது ஒழுக்கம். இண்டைக்கு அந்த ஒழுக்கம் தண்ணியிட்டை இல்லை."

"மதகு எப்ப திறப்பு, சேர்?"

"ஆடி மாசம்."

செந்தூரன் வெளியே கொட்டும் மழையைப் பார்த்தான்.

"நிதி தந்த மீனாம்பிகை அம்மா நோர்வேயிலை. அவ நல்லூர்த் திருவிழாவுக்குத்தான் வருவா."

"அப்ப தண்ணி இராதே, சேர்."

"அதுதான் வசதி. விழாவுக்கு வாற சனம் நனையாது."

"நானே பலகையைக் கொஞ்சம் தூக்கிவிட்டால்..."

சுபாஸ் முதன்முறையாகப் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"போன மாசம் ஒரு ஆள் அந்த நாடாவிலை கை வைச்சவர்," என்றார் தணிந்த குரலில். "பிறகு அவற்றை மகளின்ரை சாமத்தியச் சடங்கு வந்தது. ஒரு சனம் போகேல்லை. சமைச்ச சோறு முழுக்க மாட்டுக்கு."

"நாங்கள் உம்மைப் பயப்பிடுத்தேல்லை," என்றார் நடராசா அன்பாக. "நீர் புது ஆள். நல்லது கெட்டதுக்கு நாலு சனம் வேணுமெல்லே?"

அந்த இடத்தில் செந்தூரன் எழும்பி வந்திருக்கலாம். மானிப்பாயில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன் என்பதால், தொழில் புத்தி அவனை இருத்தி வைத்தது.

"சேர், அம்மாவை வீடியோவிலை எடுத்து இந்தக் கிழமையே திறந்தால் என்ன?"

நடராசா அவனை உற்றுப் பார்த்தார். முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. கடல்கடந்த திறப்பு விழா! இந்தப் பக்கத்தில் எந்தப் பேரவையும் செய்யாதது.

"சுபாஸ், இவரை விழாவின் தொழில்நுட்ப இணைப்பாளரா நியமியும்."

சனிக்கிழமை காலை என்று முடிவாயிற்று. சாருஜா வருவது மத்தியானம். அதற்குள் தண்ணீர் வடிந்துவிடும். செந்தூரன் அன்று விசிலடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் வீட்டுக்குப் போனான்.

*

வியாழக்கிழமை பின்னேரம் வாசிகசாலையில் அவசரக் கூட்டம். கூரை ஒழுகியதால் எல்லோரும் குடை பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இறைவணக்கம். மௌன அஞ்சலி. வரவேற்புரையில் சுபாஸ் வந்தவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லி வரவேற்றார். பிறகு வராதவர்களையும் வரவேற்றார். அடுத்து, ஆண்டு முழுவதும் வாய்க்கால் மிகத் துப்புரவாக, ஒரு சொட்டுத் தண்ணீரும் படாமல் பராமரிக்கப்பட்டதாக அறிவித்தார். பலத்த கைதட்டல்.

"மேடை எங்கை போடுறது?" என்று நடராசா கேட்டார்.

மதகுக்கு நேரெதிரே இருப்பது செந்தூரனின் விறாந்தைதான் என்று யாரோ சொன்னார்கள்.

"சேர், அங்கை முழுக்கத் தண்ணி!" செந்தூரன் கையை உயர்த்தினான்.

"வழிமொழிந்தவர் செந்தூரன்," என்று அறிவித்தார் சுபாஸ்.

இன்னொரு சிக்கல் எழுந்தது. பிரமுகர்கள் வேட்டியோடு வெள்ளத்துக்குள் எப்படி வருவது? வெகுநேரம் ஆராய்ந்தார்கள். கடைசியில் தோட்டத்துக்கு இறைக்கும் பெரிய மெசின் ஒன்றைக் கொண்டுவந்து, வளவுத் தண்ணீரை எடுத்து, வீதிக்கு மேலால் குழாய் போட்டுக் குளத்துக்குள் விடுவது என்று தீர்மானமாயிற்று.

செந்தூரன் எழும்பினான். "சேர், மதகைத் திறக்கிறதுக்காகத் தண்ணியை வீதிக்கு மேலாலை இறைக்கிறதோ? அதுக்குப் பலகையை எடுத்துவிட்டால்..."

"கவனமாக் கேளும். மதகுக்குள்ளாலை போற தண்ணி பேரவையின்ரை பொறுப்பு. வீதிக்கு மேலாலை போற தண்ணி ஒருத்தற்றை பொறுப்புமில்லை. ரண்டையும் குழப்பக்கூடாது."

குடைகள் தலையாட்டின.

*

ஆனால் மெசின் வேலை செய்தது. வெள்ளி மத்தியானத்துக்குள் வளவு வெறுமையாயிற்று. செந்தூரன் வீட்டைக் கழுவினான், துடைத்தான், மின்விசிறியைத் தரையை நோக்கித் திருப்பிவிட்டான். தவளை வெளியேறியது. மழையும் விட்டிருந்தது. சிவப்புச் சீமெந்துத் தரை பளபளத்தது. படம் எடுத்து சாருஜாவுக்கு அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. "மெய்யே? எங்கடை வீடோ?"

எங்கடை. அவள் இதற்கு முதல் அந்த வீட்டை அப்படிச் சொன்னதில்லை. அவன் அந்தச் சொல்லைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தான்.

பின்னேரம் லொறியில் கதிரைகள் வந்து இறங்கின. விறாந்தையில், முற்றத்தில், கேற்றடியில், வரிசை வரிசையாகப் பிளாஸ்ரிக் கதிரைகள். இறக்கியவர்கள் போய்விட்டார்கள். ஒலிபெருக்கிக்காரன் "ஹலோ, ஹலோ" என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்தான். யாரும் பதில் சொல்லாததால் அவனும் போய்விட்டான்.

செந்தூரன் தேத்தண்ணியோடு ஒரு கதிரையில் அமர்ந்தான். பிறகு அடுத்ததில். பிறகு பின்வரிசையில் ஒன்றில். எதிலிருந்து பார்த்தாலும் வீடு ஒரே மாதிரித்தான் இருந்தது. இவ்வளவு கதிரைகள் நிறைந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தான். சாருஜா யார் யாருக்குத் தேத்தண்ணி கொடுப்பாள், யார் சீனி குறைக்கச் சொல்வார்கள் என்றுகூட யோசித்தான்.

*

சனிக்கிழமை காலை கதிரைகள் நிறைந்தன. ஊர் முழுக்க வந்திருந்தது. செந்தூரனின் போன் மைக் கம்பத்தில் கட்டப்பட்டு, அதில் மீனாம்பிகை அம்மா தெரிந்தார். கழுத்துவரை கம்பளி. பின்னால் யன்னலில் பனி. அங்கே இன்னும் விடியவில்லை. அவருக்கும் பக்கத்தில் யாருமில்லை.

"எல்லாரையும் பாக்கச் சந்தோசமாக் கிடக்கு," என்றார். "இஞ்சை கதைக்க ஒரு சனமில்லை."

"அம்மா பின்னர் உரையாற்றுவார்," என்று சுபாஸ் ஒலியை நிறுத்தினார்.

மங்கள விளக்கு ஈரத்தில் பற்றவில்லை. லைற்றர் தேடினார்கள். ஆசியுரை, வரவேற்புரை, சிறப்புரை, சிறப்புரைக்கு விளக்கவுரை. பிறகு தலைமையுரை.

"இந்த மதகைக் கட்டினவர் ஆர்?" என்று நடராசா முழங்கினார். "மேசன் எண்டு சொல்லுவியள். இல்லை! தீர்மானம் எடுத்தவர் கட்டினவர்! ஒரு மதகைக் கட்ட ஒரு கிழமை காணும். அதைத் திறக்காமல் காப்பாத்த எவ்வளவு கஷ்டம் தெரியுமோ? ஐப்பசி மழை, கார்த்திகைப் புயல், எல்லாம் மோதினது. நாங்கள் அசையேல்லை. ஒரு துளி போகவிடேல்லை!"

கைதட்டல் ஓய்ந்தபோது மீனாம்பிகை அம்மா கையை அசைப்பது தெரிந்தது. சுபாஸ் ஒலியைக் கூட்டினார்.

"எனக்குத் தண்ணி ஓடுறதை ஒருக்காக் காட்டுங்கோவன். ஊர்த் தண்ணி பாத்துக் கனகாலம்."

எல்லோரும் மதகைப் பார்த்தார்கள். அதன் முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நடராசா சால்வையைச் சரிசெய்தார். "மெசினைத் திருப்புங்கோ."

"சேர்!" செந்தூரன் மேடையில் துள்ளி எழும்பினான். "வேண்டாம் சேர். என்ரை மனிசி இப்ப வந்திடுவா!"

"வரட்டும். அவவுக்கும் ஒரு கதிரை போடச் சொல்லுறன்."

மெசின் உறுமியது. முதல் நாள் குளத்துக்குப் போன தண்ணீர், போன வழியாலேயே வீதிக்கு மேலால் திரும்பி வந்து, செந்தூரனின் முற்றத்தில் விழுந்தது. சனம் கால்களைத் தூக்கிக் கதிரையில் வைத்துக்கொண்டது. மைக்கில் யாரோ பக்திப் பாடல் பாடினார்கள். தண்ணீர் விறாந்தைப் படி ஏறி, கதவைக் கடந்து, துடைத்து வைத்த சிவப்புத் தரைக்குள் போனது.

அந்த நேரம் பார்த்து வீதியில் ஓட்டோ வந்து நின்றது.

சாருஜா பையோடு இறங்கினாள். கேற்றடியில் நின்றாள். மெசினைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். தன் வீட்டுக்குள் தண்ணீர் இறைத்துவிடப்படுவதைப் பார்த்தாள். பிறகு மேடையில், மார்பில் விழாச் சின்னம் குத்திக்கொண்டு நின்ற தன் புருசனைப் பார்த்தாள். சுற்றிவர இருந்தவர்கள் கைதட்டினார்கள். அது நாடாவுக்கு. நடராசா அதை அந்த விநாடியில்தான் வெட்டியிருந்தார்.

சுபாஸ் பலகையைத் தூக்கினார். தண்ணீர் மதகுக்குள் பாய்ந்தது. மீனாம்பிகை அம்மா சிறுபிள்ளை போலக் கைகொட்டிச் சிரித்தார். போன் அதைப் பதிவு செய்தது. பிறகு சுபாஸ் பலகையைத் திரும்ப இறக்கினார்.

"ஏன் மூடுறியள்?" என்றது போன். "திறந்து விடுங்கோவன். அதுக்குத்தானே நான்..."

"அம்மாவின்ரை குரல் விட்டு விட்டுக் கேக்குது," என்று சுபாஸ் ஒலியை நிறுத்தினார். அம்மாவின் வாய் வெகுநேரம் அசைந்துகொண்டிருந்தது.

"இன்று நடந்தது நாடா வெட்டு," என்று நடராசா அறிவித்தார். "கல்வெட்டுத் திரைநீக்கம் தை மாசம். அதுவரை மதகின் புனிதம் காக்கப்படும். அடுத்து நன்றியுரை. செந்தூரன்!"

மைக் கைக்கு வந்தது. கேற்றடியில் சாருஜா ஓட்டோவுக்குள் ஏறிக்கொண்டிருந்தாள்.

"நன்றி," என்றான் செந்தூரன்.

இலுப்பங்கலட்டி அதுவரை கேட்டவற்றுள் மிகச் சிறிய உரை அது. அவன் மேடையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கினான். கதிரைகளில் சப்பாணி கட்டி இருந்தவர்களுக்கு நடுவால் நடந்தான். மதகடியில் குனிந்து, பலகையை இரண்டு கையாலும் பிடுங்கித் தோளில் வைத்தான்.

"தம்பி! அது இன்னும் உத்தியோகபூர்வமாத் திறக்கேல்லை!"

தண்ணீருக்கு அது கேட்கவில்லை.

செந்தூரன் பலகையோடு வீதிக்கு ஓடினான். ஓட்டோ போய்விட்டிருந்தது.

*

பொழுதுபடுவதற்குள் கதிரைகளும் போய்விட்டன. வளவு வடிந்துவிட்டது. செந்தூரன் தரையைத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தபோது வீதியில் நடராசாவும் சுபாசும் வந்து நின்றார்கள். வளவுக்குள் வரவில்லை.

"பலகையைத் தாரும். அது பேரவையின்ரை அசையும் சொத்து."

"தரமாட்டன், சேர்."

நடராசாவுக்குக் கோபம் வரவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டவர்போல இருந்தார். "தம்பி, யோசியும். நீர் பேரவையிலை இருந்து விலக்கப்படுவீர். உம்மடை வாசலுக்கு ஒருத்தரும் வரமாட்டினம். நாளைக்கு உமக்கு ஒரு பிள்ளை பிறந்தாலும், ஆரும் செத்தாலும், இந்த ஒழுங்கையிலை ஒரு கதவு திறக்காது."

"விளங்குது, சேர்."

"பலகைக்காகவோ?"

செந்தூரன் கேற்றைச் சாத்தினான். அடுத்த வீட்டில் யாரோ யன்னலை மூடும் சத்தம் கேட்டது. பிறகு எதிர்வீட்டில். பிறகு ஒழுங்கை முழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக.

குசினிக்குள் போய் நின்றான். எங்கும் சத்தமில்லை. சாருஜாவுக்குப் போன் எடுத்தான். அவள் எடுக்கவில்லை. தரையைப் படம் எடுத்து அனுப்பினான். அதைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது, பதில் வரவில்லை. தேத்தண்ணி வைத்தான். அது ஆறியது.

போன் அடித்தது.

"தண்ணி வடிஞ்சு போச்சோ?"

"வடிஞ்சு போச்சு, சாரு."

"திரும்ப அடைச்சுப்போடுவினமே?"

"ஏலாது. பலகை என்னட்டை."

"அயலுக்கை என்ன சொல்லினம்?"

அவன் பொய் சொல்ல நினைத்தான். "ஒருத்தரும் இனி வரமாட்டினம். நல்லது கெட்டது ஒண்டுக்கும். நீர் சொன்னதிலை ஒண்டைத்தான் என்னாலை செய்ய முடிஞ்சது."

மறுமுனையில் பருத்தித்துறைக் கடலின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாளோ என்று அவன் திரையைப் பார்த்தான்.

"இஞ்சருங்கோ," என்றாள் சாருஜா. "அந்தப் பலகையைக் குடுத்துப்போடாதையுங்கோ. நாளைக்கு வாறன். சீனி கிடக்கோ?"

"கிடக்கு. கட்டியாப் போச்சு."

"பரவாயில்லை."

வெளியே மழை திரும்பப் பிடித்தது. பேரவையின் அசையும் சொத்தைத் துடைத்துக் கட்டிலில் போட்டு, செந்தூரன் அதன்மேல் படுத்தான். முதுகு நன்றாகவே நொந்தது. அவன் எழும்பவில்லை.